வீடு நிறையக் குரல்

"இருமிக்கினே சொல்லணுமா? தண்ணியக் குடிங்க மொதல்ல."

அம்மா இதைச் சொன்னது அப்பாவிடம். அப்பா இறந்து அப்போது இரண்டு மழைக்காலம் போயிருந்தது.

எங்கள் ராயபுரம் வீட்டுச் சுவரில் ஒரு பலகை பீடம் உண்டு. அதில் மாதா சுரூபம், பக்கத்தில் காய்ந்துபோன மல்லிச் சரம், ஒரு மெழுகுவர்த்தி. சுரூபத்தின் காலடியில் அம்மா தன் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். அதற்குள்ளிருந்து அப்பாவின் குரல் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் இருமல் வந்தது. அம்மா மணியை விரலில் பிடித்தபடி இருமல் அடங்கும் வரை காத்திருந்தாள், தண்ணீர் குடிக்கச் சொன்னாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அன்று எனக்கு வார விடுமுறை. தனியாக இருந்த அம்மாவைப் பார்க்க வந்து, காய்கறிப் பையோடு வாசலில் நின்றிருந்தேன். "யார்கிட்டம்மா பேசிக்கினு கீற?" என்று கேட்டுவிட்டேன். அம்மா திரும்பி முறைத்தாள். ஜெபத்துக்கு நடுவில் யாரும் வாய் திறந்து வேறு பேச்சுப் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஜெபம் முடிந்ததும் கேட்டேன். "நீ மட்டும் நடுவுல பேசலாமா?"

"நான் எங்கடி பேசுனேன்?" என்றாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் ரயில் டிக்கெட் கவுண்டரின் சில்லறைச் சண்டைகளைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகர், "முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்த வாய், எழுத்திலும் எரிந்துதான் விழுகிறது" என்று எழுதியிருக்கிறார். நியாயம்தான் ஐயா. இந்த வாரமும் அப்படித்தான் இருக்கும். ஸ்டேஷன் கதை இல்லை, வீட்டுக் கதை. எரிச்சல் மட்டும் அதேதான்.

அவங்கவங்க பத்து

ஜெபமாலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே ஜெபத்தைப் பத்துப் பத்தாக ஐந்து முறை சொல்ல வேண்டும். ஜெபத்துக்கு இரண்டு பாதி. ஒருவர் முதல் பாதியைச் சொன்னால், மற்றவர்கள் சேர்ந்து மறுபாதியைச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். அப்பா, அம்மா, அண்ணன் அருள், நான், தம்பி செபாஸ்டின். ஆளுக்கு ஒரு பத்து. முதல் பத்து அப்பாவுக்கு, பிறகு அருள், நான், செபா. கடைசிப் பத்து அம்மாவுக்கு. எல்லாரும் சொல்லி முடித்து, தூங்கி வழியும் நேரத்தில்தான் அவள் முறை வரும். சாப்பாட்டிலும் அவள் அப்படித்தான், கடைசிப் பந்தி.

அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். கப்பலுக்குள்ளிருந்து சரக்கைத் தூக்கி வெளியே வைக்கும் இயந்திரம் அது. அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. மறுபாதி சொல்லும்போது நாங்கள் முடித்த பிறகும் அவர் சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஜெபமும் இரண்டு தடவை முடியும். நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தொடையைக் கிள்ளிக்கொள்வோம்.

ஒருவர் இல்லாவிட்டால் அவர் பத்தை இன்னொருவர் சொல்லக் கூடாது. இது எந்தப் பாதிரியாரும் சொல்லித் தந்ததல்ல, அம்மா போட்ட சட்டம். "அவங்கவங்க பத்த அவங்கவங்கதான் சொல்லணும். உன் பசிக்கு நான் துன்ன முடியுமா?" என்பாள். அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட் என்றால் கப்பல் தளத்தில் உட்கார்ந்து தன் பத்தைத் தானே சொல்லிக்கொள்வார். காலையில் வந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "சொன்னீங்களா?" நாஸ்தா அதற்கப்புறம்தான்.

கட்டைவிரல்

ஜெபம் என்று சொல்கிறேனே தவிர, ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் திறந்தது கோயில் மட்டுமல்ல. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு எல்லாம் அப்போதுதான் திறக்கும்.

ஜெபம் முடிந்ததும் நாங்கள் வரிசையாக முட்டி போட்டுப் போய் அம்மா முன்னால் நெற்றியைக் காட்டுவோம். அவள் கட்டைவிரலால் சிலுவை போடுவாள். அந்த ஒரு நொடியில் காய்ச்சல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும் அவளுக்கு. சிலுவை போட்ட விரல் அப்படியே கழுத்துக்கு இறங்கினால் மறுநாள் பள்ளிக்கூடம் கிடையாது, மிளகுக் கஷாயம் உண்டு. தலையைத் திருப்பிப் பேன் பார்ப்பாள். வாயை மோந்து பார்ப்பாள். ஒரு நாள் அருள் பீடி பிடித்துவிட்டு வந்து மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

அன்றைக்கு நடந்த விசாரணையை மறக்க முடியாது. அப்பாவுக்குக் காது கேட்காது என்பதால் சாட்சி, குற்றவாளி எல்லாரும் கத்தித்தான் பேச வேண்டும். எங்கள் லைன் வீட்டில் இரண்டு குடித்தனத்துக்கு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் சரசக்கா. காசிமேட்டுப் படகுக்காரக் குடும்பம், சாயங்கால மார்க்கெட்டில் மீன் விற்பவள். அன்று வீட்டில் இருந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சுவரைத் தட்டித் தீர்ப்புச் சொன்னாள்.

"வுடுங்க நைனா! இந்த வயசுல அல்லாரும் பண்றதுதான். அடிச்சிப் புள்ளயக் கெடுக்காதீங்க!"

அப்பாவுக்கு இது மட்டும் கேட்டுவிட்டது. பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டார்.

எனக்கு மாப்பிள்ளை முடிவானதும் அந்த ஏழு மணிக்குத்தான். திருவொற்றியூர்ப் பையன், கம்பெனியில் பிட்டர். பெண் பார்த்துவிட்டுப் போன அன்று ஜெபம் முடிந்து சிலுவை போடும்போது அம்மா காதருகில் கேட்டாள், "புடிச்சிக்கீதா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். உடனே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அன்று மார்க்கெட்டுக்கே போகாமல் இருந்த சரசக்காவின் சத்தம். "இன்னா சொல்லுச்சு பொண்ணு? எனுக்கு ஒண்ணும் கேக்கலியே!"

இவ்வளவு உரிமை எடுத்துக்கொண்டாலும் சரசக்கா ஜெபம் நடக்கும்போது எங்கள் வாசலை மிதித்ததில்லை. அவசரமாக வந்தால்கூட, உள்ளே குரல் கேட்டால் அப்படியே திரும்பிப் போய்விடுவாள். சாமி காரியத்துக்கு நடுவில் நுழையக் கூடாது என்பது அவள் போட்டுக்கொண்ட சட்டம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு எந்த வீட்டில் இதெல்லாம் நடக்கிறது? காய்ச்சலுக்கு கிளினிக், படிப்புக்கு டியூஷன் சென்டர், மாப்பிள்ளைக்கு வெப்சைட், பசிக்கு மஞ்சள் பையும் சிவப்புப் பையும் மாட்டிக்கொண்டு பைக்கில் வருகிறவர். படுத்துவிட்டால் துடைத்துவிட, திருப்பிப் போட, ஏஜென்சியில் சொன்னால் ஷிப்டுக்கு ஓர் ஆள் வருவார். யாரையும் குறை சொல்லவில்லை. கிளினிக் டாக்டருக்கு அம்மாவின் கட்டைவிரலை விட அதிகம் தெரியும்தான். ஆனால் ஒவ்வொரு வேலையாக வெளியே கொடுத்துவிட்டு, கடைசியில் வீட்டுக்கென்று என்ன வைத்திருந்தோம்? எங்கள் குடும்பத்தில் மிச்சம் இருந்தது அந்த ஜெபமாலை ஒன்றுதான்.

அதையும் போனில் ஏற்றிவிட்டோம்.

அருளின் யோசனை

அருள் கனடா போனான். இங்கே சாயங்காலம் ஏழு மணி என்றால் அங்கே காலை, அவன் வேலைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகிற நேரம். ஆரம்பத்தில் ஸ்பீக்கரில் போட்டுத் தன் பத்தைச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். ஒரு நாள் பனியில் வண்டி சறுக்கியதோ என்னவோ, பாதியில் "ஐயோ" என்று கத்தினான். அம்மா பயந்துபோனாள். அப்போதுதான் அவன் சொன்னான், "நான் ரெக்கார்டு பண்ணி அனுப்பிச்சிடறேம்மா. நீ தெனம் அதப் போட்டுக்கோ. என் கொரல்தானே, என் பத்துதானே?"

அம்மா மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "மறுபாதி சொல்றதுக்கு எனுக்கு எடம் வுட்டு சொல்லு."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. அருள் அனுப்பியதில் இடைவெளி போதவில்லை. எப்போதும் எதிலும் அவசரம் அவனுக்கு. அம்மா மறுபாதியைப் பாதி விழுங்கிக்கொண்டு அவன் பின்னால் ஓடுவாள். "மூச்சு வாங்குதுடா, நில்லுடா" என்பாள் போனைப் பார்த்து.

பிறகு அப்பா படுத்துவிட்டார். வருஷக்கணக்காக நிலக்கரித் தூசி தின்ற நெஞ்சு. நல்லபடியாக மூச்சு வருகிற ஒரு பகல் பார்த்துத் தன் பத்தைச் சொல்லி வைத்தார். நடுவில் இருமல் வந்தது. அழித்துவிட்டு மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

தம்பி செபா காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறான். மீஞ்சூரில் வாடகை வீடு. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தூரம் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை, ஆனால் லாரி வரிசையைத் தாண்டி எண்ணூர் சாலையில் வருவதற்குள் ஜெபம் என்ன, திருவிழாவே முடிந்துவிடும். அவன் கிரேன் கேபினில் உட்கார்ந்து சொல்லி அனுப்பினான். பின்னால் காற்றும் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தமும்.

எனக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு ரயில் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டர் வேலை. பெரும்பாலும் மதிய ஷிப்ட்தான் விழும். நான் கவுண்டருக்குப் பின்னால் இருந்த அறையில் நின்று சொன்னேன். என் பத்தின் நடுவில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கான அறிவிப்பு வந்துவிட்டது. தினமும் மாதாவுக்கு முன்னால் கும்மிடிப்பூண்டி வண்டி வந்து போகும். அம்மா அதற்காகவும் காத்திருப்பாள், அறிவிப்பு முடிந்த பிறகுதான் மறுபாதி.

கல்மண்டபத்தில் ஒரு மொபைல் கடைக்காரர் நான்கு குரலையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தார். வயசான அம்மாவுக்கு ஒவ்வொன்றாகத் தேடக் கஷ்டமாயிருக்கும் என்று ஒரே தடவை தட்டினால் எல்லாம் வருகிற மாதிரி வைத்தார். முடிந்ததும் தானாக மறுபடி முதலிலிருந்து தொடங்கும். செபாவின் பத்து முடிந்தவுடன் அம்மா எழுந்து போனை நிறுத்திவிட்டு, தன் பத்தைத் தானே சொல்வாள். அதற்கு மறுபாதி சொல்ல ஆள் கிடையாது. இரண்டு பாதியையும் அவளே சொல்லிக்கொள்வாள்.

அவளுக்கு அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. "அல்லாரும் ஒயுங்கா டயத்துக்கு வர்றீங்க இப்ப" என்று ஒரு தடவை சொன்னாள். கேலியா, சந்தோஷமா என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. செத்துப்போன அப்பாவும் உயிரோடு இருக்கிற நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனுக்குள் ஒரே மாதிரிதான் இருந்தோம். அதைத்தான் அன்று காய்கறிப் பையோடு நின்றபோது கண்டேன். கண்டும், பையை வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டேன்.

கூண்டு ஏற்றிய நாள்

அதற்கப்புறம் வந்த அக்டோபர். எங்களுக்கு ஜெபமாலை மாதம். தெருவில் எல்லாக் கிறிஸ்தவ வீட்டிலும் ஜெபம் வழக்கத்தை விட நீளும். வெளியூர்ப் பிள்ளைகள் வந்திருந்தால் இன்னும் நீளும்.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகு ஒன்றும் கடலுக்குப் போகவில்லை. மீன் இல்லை, சாயங்கால மார்க்கெட் இல்லை. வழக்கமாக ஏழு மணிக்கு மீன் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கும் சரசக்கா அன்று வீட்டில் இருந்தாள். அம்மா போனை வைத்து ஜெபம் சொல்ல ஆரம்பித்த காலத்திலிருந்து அவள் அந்த நேரத்தில் வீட்டிலேயே இருந்ததில்லை. அம்மாவும் இதையெல்லாம் சொல்லிக்கொள்கிறவள் அல்ல.

அருளின் பத்து ஓடிக்கொண்டிருந்தபோது சாரல் உள்ளே அடித்திருக்கிறது. பீடத்து மெழுகுவர்த்தி அணையப் போகிறதே என்று அம்மா ஜன்னலைச் சாத்த எழுந்திருக்கிறாள். தரை நனைந்து கிடந்தது. கால் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மழைக்கு ஒதுங்கிய கூட்டம் கவுண்டரை மொய்த்துக்கொண்டு நின்றது. "சில்லறை இல்லன்னா ஓரமா நில்லுங்க!" என்று கண்ணாடித் தடுப்புக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் ராயபுரத்தில், தரையில் கிடந்த என் அம்மாவுக்கு மேலே, என் குரல் நிதானமாக ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

செபாவின் பத்தும் முடிந்தது. போனை நிறுத்த ஆள் எழுந்து வரவில்லை. அது மறுபடி அப்பாவிலிருந்து தொடங்கியது. அப்பா, அருள், நான், செபா. மறுபடி அப்பா. சார்ஜ் தீரும் வரைக்கும் நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

சுவருக்கு அந்தப் பக்கம் சரசக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அருளு தம்பி கொரலு கேட்டுச்சி. நீ சொல்றது கேட்டுச்சி. சின்னவன் கொரலு அப்டியே அவங்கப்பன் கொரலாட்டம் மாறிப்போச்சேன்னு நெனச்சேன்" என்றாள் பின்னால், தலையில் அடித்துக்கொண்டு. "ஜெபமால மாசமாச்சே, புள்ளைங்க அல்லாம் வந்து கீறாங்க, இன்னிக்காச்சும் அந்தம்மா வயிறு குளுந்துச்சேன்னு சந்தோசப்பட்டேன்டி பாவி நானு! உங்கம்மா கொரலும் கேட்டுச்சி. பதிலு சொல்லிகினே கீறாங்க. வூடு நெறய ஆளு கீதுன்னு நெனச்சிகினு பாயப் போட்டுப் படுத்துட்டேன்."

விடிந்ததும் அருளுக்குப் பிடிக்குமே என்று நெத்திலிக் கருவாட்டை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தட்டிப் பார்த்தும் திறக்காமல் போக, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. எனக்குப் போன் வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில்

அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. இருமல்தான் பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்க ஈரத்தில் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது, அது இறங்காமல் இடுப்புக்கு ஆபரேஷன் செய்ய முடியாது என்றார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அவளிடமே கேட்டேன், "நீ கத்தியிருக்கலாம்ல? ஒத்தச் செவுரு. அந்தப் பக்கம் சரசக்கா கீறா. ஒரு கொரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பாளே!"

அம்மா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கூப்புடலாம்னுதான்டி வாயத் தொறப்பேன். அதுக்குள்ள உங்கப்பா முதல் பாதிய முடிச்சிடுவாரு. வாயி தன்னால மறுபாதியச் சொல்லிடும். சரி, இது முடியட்டும்னு பாப்பேன். அதுக்குள்ள அடுத்தது வந்துடும். நடுவுல எப்பிடிடி பேசறது? போனு அடங்குனப்ப எனுக்குக் கொரலே போயிடுச்சி."

பிறகு மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

"அல்லாரும் சொன்னீங்க. ஒயுங்காதான் சொன்னீங்க. ஒருத்தரும் எயுந்து வர்ல."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை அது. கடைக்குப் போனேன், பால் இல்லை என்பது மாதிரி சொன்னாள். அம்மா திட்டியிருந்தால் நான் இவ்வளவு நாள் அதைத் தூக்கிக்கொண்டு அலைய மாட்டேன்.

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் கஞ்சியும் ரொட்டியும் வந்துகொண்டிருந்தன. அம்மா கையை நீட்டி என்னைக் குனியச் சொன்னாள். கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டாள். விரல் கழுத்துக்கு இறங்கியது.

"காச்சல் அடிக்குதுடி உனுக்கு."

அடித்துக்கொண்டுதான் இருந்தது. மழையில் நனைந்தபடி அலைந்ததில் எனக்கே அது தெரியவில்லை. வீட்டில் கணவர் கேட்கவில்லை, ஸ்டேஷனில் யாரும் கேட்கவில்லை. இடுப்பு முறிந்து படுத்திருந்தவள் கண்டுபிடித்தாள். நான் அந்த வார்டின் நடுவில் குழந்தை மாதிரி அழுதேன்.

"அழுவாத. என் பத்து பாக்கி நிக்கிது" என்றாள். "அன்னிக்கி உங்களுதே ஓடிகினு இருந்துச்சி. என் மொற வர்ல."

"நீ சொல்லும்மா. நான் பதில் சொல்றேன்."

அம்மா தன் பத்தைத் தொடங்கினாள். முதல் பாதி அவள், மறுபாதி நான். அவள் பத்துக்கு ஒருவர் வாயால் பதில் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நான் பதில் சொல்லி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள், நிஜமாகவே இருக்கிறேனா என்று பார்க்கிற மாதிரி. பாதிக்கு மேல் போக முடியவில்லை. இருமல் வந்தது. "தண்ணி குடிம்மா" என்றேன். குடித்தாள். "மீதிய நாளைக்கி சொல்லிக்கறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மூச்சுக்குக் குழாய் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா பேசவே இல்லை. அந்த வாரத்துக்குள்ளேயே போய்விட்டாள்.

ஆளா, போனா

அருள் வரும் வரை கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தோம். வந்தான், பெட்டி மேல் விழுந்து அழுதான். செபாவுக்கு லீவு கொடுத்திருந்தார்கள். காசிமேட்டுக் கல்லறையில் அப்பாவின் குழியையே திறந்து அவர் மேலேயே அம்மாவை இறக்கினோம்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்துபோன மறுநாள். நாங்கள் மூன்று பேர் மட்டும் வீட்டில். செபா மறுநாள் ஷிப்டுக்குப் போக வேண்டும். அருளுக்கு வார முடிவில் டிக்கெட். வீட்டை என்ன செய்வது என்று யாராவது பேச்சை ஆரம்பிப்பார்களோ என்று ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஏழு மணி ஆனது. யாரும் சொல்லாமலே மூன்று பேர் கண்ணும் பீடத்துக்குப் போயிற்று.

"சொல்லலாமா?" என்றான் செபா.

சரி என்றோம். மெழுகுவர்த்தியை ஏற்றினேன். ஆனால் முதல் பத்து அப்பாவுடையது. அவங்கவங்க பத்த அவங்கவங்கதான் சொல்லணும். மூன்று பேரில் ஒருவருக்கும் அதை எடுக்கத் துணிச்சல் வரவில்லை. அருள் அம்மாவின் போனை எடுத்து, சுரூபத்தின் காலடியில் வைத்துத் தட்டினான். அப்பா தொடங்கினார்.

முதல் பாதி முடிந்தது. போன் அமைதியானது. அம்மா சொல்வதற்கு விட்ட இடம் அது. யார் வாயும் திறக்கவில்லை. அடுத்ததைச் சொன்னார் அப்பா. மறுபடி அமைதி. எங்கள் நான்கு பேர் குரலும் அந்தப் போனில் பத்திரமாக இருந்தது. அம்மாவின் குரலை மட்டும் நாங்கள் யாருமே பிடித்து வைக்கவில்லை. அவள்தான் எப்போதும் அங்கே இருப்பாளே, அவளை எதற்கு?

அப்பா இருமினார். தண்ணீர் குடிக்கச் சொல்ல ஆள் இல்லை. இருமிவிட்டுத் தானாகவே தொடர்ந்தார். அருளின் பத்து வந்தது. அருள் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். என் பத்து வந்தது. கும்மிடிப்பூண்டி வண்டி வந்தது.

அப்போது சுவரில் டொம் டொம்மென்று அடி விழுந்தது. அந்த ஒற்றைச் செங்கல் சுவர் அதிர்ந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

"இஸ்டெல்லா! ஏ இஸ்டெல்லா!" சரசக்கா என்னைத்தான் கூப்பிட்டாள். சாமி காரியத்துக்கு நடுவில் ஒரு நாளும் குறுக்கே வராதவள். "உள்ள யாரு கீறீங்க? சொல்லும்மா! ஆளா, போனா?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அருள் கண்ணைத் துடைத்துக்கொண்டான். செபா தரையைப் பார்த்தான்.

நான்தான் குரல் கொடுத்தேன்.

"போனுதான்கா."